ஆறு பேர் குடியிருந்த வீடு

நூற்றிருபது வருஷத்துப் பழமை, நகரத்தின் மையம், மூன்று தளம், புதுப்பிக்க ஏற்றது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வீட்டுத் தரகர்களின் பாஷையில் 'புதுப்பிக்க ஏற்றது' என்றால் மழை வந்தால் ஏழு வாளி வைக்க வேண்டும் என்று பொருள். எந்த வாளி எந்த இடத்துக்கு என்பது பொம்மைக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருஷமாக அந்த வீட்டில் இருப்பவள் அவள்தான்.

பொம்மைக்கா என்பது பழைய வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர். பெரிய துணிக்கடை ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு இருபத்திரண்டு வருஷம் உடுத்திவிட்டவள். ஏனோதானோவென்று மாட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை. அப்பா பொம்மையின் கையைப் பிள்ளை பொம்மையின் தோளில் வைப்பாள். அம்மா பொம்மையின் முகத்தை அரை அங்குலம் அந்தப் பக்கம் திருப்புவாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கடையை மூடியபோது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், பிறகு பார்ப்பதற்கே ஆள் இல்லாமல் போய்விட்டது. தம்பி வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுப்படிப் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டுப் பேசின. புரிந்துகொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

கடைக் கட்டடத்தை விற்றுக்கொடுக்க வந்த தரகர்தான் வழி காட்டினார். ஆள் இல்லாத பழைய வீட்டில் ஒரு வாடை வரும். வாங்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அதனால் விற்கும்வரை யாராவது இருக்க வேண்டும்.

"வாடகையெல்லாம் வேணாம்க்கா. ஜன்னலத் தொறந்து மூடணும், கூட்டணும், வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டணும். வாசல்ல ரெண்டு ஜோடி செருப்பு கெடக்கட்டும். குடும்பம் இருக்கற மாதிரி தெரிஞ்சா வீட்டுக்கே ஒரு களை வரும்" என்றார்.

இரண்டு ஜோடி என்றுதான் அவர் சொன்னார். இவளுக்குக் கை நிற்கவில்லை.

வீடு குறுகலாக, உயரமாக, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டி நின்றது. கதவுகளுக்கு மேலே வண்ணக் கண்ணாடி, மாடிக்கு மரப்படி, தெருவைப் பார்த்து இரும்புக் கம்பி போட்ட பால்கனி. பின்கட்டில் ஒரு சின்ன அறையில் அவள் படுத்துக்கொண்டாள். மற்ற எட்டு அறைகளும் சும்மா கிடந்தன. சில நாள் பொழுது சாய்கிறவரை வாயைத் திறக்க வேலையே இருக்காது. தரகர் போனில் கூப்பிட்டால் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும். அப்போது அவளுக்கே பயமாக இருக்கும்.

பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கினாள். முதலில் ஒரு ஆம்பளைச் செருப்பு. அதற்குத் தோதாக ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. பிறகு மூக்குக்கண்ணாடியும் கைத்தடியுமாக ஒரு மாமியார். கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களுக்குச் சீப்பும் துப்பட்டாவும். கடைக்குட்டிக்கு ஒரு புத்தகப் பை. அவளையும் சேர்த்து ஆறு பேர்.

"அவரு ஷிப்டுக்குப் போயிருக்காரு. அத்தைக்கு மாடி ஏற முடியாது, அதான் கீழ் ரூம்" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். சொல்லும்போது வாய்க்கு இனிப்பாக இருக்கும். பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேலை என்று நினைத்துக்கொண்டாள். வேலை என்றால் யாரும் வராத வாரத்திலும் அந்தச் சட்டையைத் துவைத்துப் பால்கனியில் காயப்போடுவானேன்? அதை அவளிடம் கேட்க ஒருவரும் இல்லை.

ஏழு பேர் வந்து பார்த்துவிட்டு மூச்சு விடாமல் போனார்கள். எட்டாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர். சுவரைத் தட்டிப் பார்த்தார், உத்தரத்தைப் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தார், ஓதம் ஏறிய மூலையை மோந்துகூடப் பார்த்தார். எதைக் காட்டினாலும் "சரி பண்ணிடலாம்" என்றார். பொம்மைக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது தளத்தில் அந்தப் புத்தகப் பையைப் பார்த்ததும் மனிதர் முகம் மாறிவிட்டது. தண்ணீர்கூட வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை தரகர் நேரிலேயே வந்தார்.

"அக்கா, இந்த வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"ஏன், நான்தான்."

"ஆறு பேர் குடும்பமா சட்டமா உக்காந்திருக்காங்க, வாங்கிட்டு நான் கோர்ட்டுக்கு அலையணுமான்னு கேக்குறாரு அவரு. முன்னாடி வந்த ஏழு பேரும் ஏன் ஓடினாங்கன்னு இப்பதான் புரியுது."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொம்மைகளைக் குடும்பமாக நிறுத்தினால் துணி விற்கும். வீட்டில் குடும்பத்தை நிறுத்தினால் வாங்குகிறவன் வயிற்றில் புளி கரையும். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவளை இப்படிக் கவிழ்த்துவிட்டது.

தரகர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. இந்த இன்ஜினியரும் வேண்டாமென்று விட்டால் வீட்டுச் சொந்தக்காரர்கள் பூட்டிவிடுவார்கள், அவள் தெருவில் நிற்க வேண்டியதுதான். இவர் வாங்கினால் நகரத்தின் மறுகோடியில் இன்னொரு பழைய வீடு இருக்கிறது, அங்கே அவளை வைக்கலாம். இன்ஜினியர் கேட்பது ஒரே ஒரு காகிதம். அதை அவள் கைப்பட எழுத வேண்டும், அது உண்மை என்று தெருக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

தரகர் சொல்லச் சொல்ல எழுதினாள். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்குக் கணவர் இல்லை. பிள்ளைகள் இல்லை. என்னைச் சேர்ந்தவர் என்று உரிமை கேட்டு வர யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலி செய்கிறேன். எல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வரிசையாக, நல்ல கையெழுத்தில் பார்த்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காகிதம் நனைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

எதிர் வீட்டில் ஒரு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுப்பாள். மூன்று வருஷத்தில் தலையாட்டிக்கொண்டதோடு சரி. மத்தியானம் பொம்மைக்கா காகிதத்தோடு போய் நின்றாள்.

அந்தம்மா இரண்டு தரம் படித்தாள். "தனியாளா, நீங்களா? போன வாரம்கூட உங்க வீட்டுக்காரர் சட்டை காஞ்சுதே. நான் எப்படிம்மா பொய்க் கையெழுத்துப் போடறது?"

"அது யாரோடதும் இல்லைங்க."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?"

"வரவே இல்லைங்க" என்றாள் பொம்மைக்கா. "நீங்களே வந்து பாருங்க."

இத்தனை நாளும் வீட்டின் அழகைக் காட்ட அறை அறையாகத் திறந்தவள், ஆள் இல்லை என்று காட்டத் திறந்தாள். அந்தம்மா லேசில் நம்பவில்லை. செருப்பைப் புரட்டினாள், அடியில் தூசி ஒட்டவில்லை. மாமியார் தலையணையில் ஒரு முடி இல்லை. புத்தகப் பையைத் திறந்தாள். உள்ளே பழைய செய்தித்தாள். கடைசியில் சட்டைக் காலரை விரித்துப் பார்த்தாள், ஒரு வியர்வைக் கறை இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பொம்மைக்கா திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள்போல நின்றாள்.

"எனக்கும் யாரும் இல்லம்மா" என்றாள் அந்தம்மா. "எதிர்ல ஒரு குடும்பம் இருக்குதேன்னு, உங்க பால்கனியப் பார்த்துக்கிட்டேதான் பல்லு ராவிட்டிருப்பேன். எத்தனையோ நாள் வந்து கதவைத் தட்டலாம்னு தோணும். ஆறு பேர் இருக்கற வீட்டுல நம்ம எதுக்குன்னு இருந்துட்டேன்."

அந்தம்மா காகிதத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை கிடையாது. வீட்டுக்கு வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

"ஞாயித்துக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேங்க" என்றாள் பொம்மைக்கா. "இன்னிக்கே வரட்டுமா?"