எருக்குவியலின் சூடு

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். விடிகாலையில் பனி அங்கிருந்து கிளம்பி எங்கள் கொல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் நின்று எருக்குவியலைக் கிளறினால் ஆவி எழும். எது பனி, எது ஆவி என்று தெரியாது. அந்தக் காலைகளில் நான் முழுதாக விழித்திருந்தேனா என்பதே இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

குவியல் என் மனைவியின் யோசனை. பக்கவாதத்துக்குப் பிறகு அவளுடைய இடது கை மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை. சூடும் குளிரும் அந்தக் கைக்கு ஒன்றுதான். இரண்டையும் மாற்றி மாற்றித் தொட வைக்கும்படி மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். வெந்நீர்க் கிண்ணமும் ஐஸ் கிண்ணமுமாக நானும் அவள் பின்னால் அலைந்தேன். சீக்கிரமே அவளுக்குச் சலித்துவிட்டது. கிண்ணத்தில் கைவிட்டு உட்கார நான் என்ன பச்சைப்பிள்ளையா என்றாள். கைக்கு வேலை வேண்டுமென்றால் ஆட்டெரு கொண்டுவரச் சொன்னாள். வெண்டைக்குப் பாத்தி போட வேண்டுமாம்.

ரயில் பாதைக்கு அப்பால் ஆடு வளர்க்கும் மலாய்க்காரப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவருடைய கொட்டகை கால் ஊன்றித் தூக்கிக் கட்டியது. பலகை இடுக்கு வழியாகப் புழுக்கையும் மூத்திரமும் கீழே பரப்பிய மரத்தூளில் விழுந்து ஊறிக் கிடக்கும். வேண்டியதை அள்ளிக்கொள்ளச் சொன்னார். சாக்குகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பினேன். எனக்கு முன்னால் நாற்றம் வீடு போய்ச் சேர்ந்தது.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்சி செய்தாள். காய்ந்த இலை போதாது, தண்ணீர் அதிகம், பிடித்துப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலமெல்லாம் வாங்காத ஏச்சை ஆட்டுப் புழுக்கையால் வாங்கினேன்.

சில நாளிலேயே, எரு மக்க மக்க, குவியல் உள்ளே கொதிக்கத் தொடங்கியது. தினமும் முதலில் நான் கைவிட்டுப் பார்ப்பேன், அவள் கை வெந்துவிடக் கூடாதே. சூடு தாங்கும்படியான ஓரம் பார்த்து, உறை மாட்டிய அவள் கையை உள்ளே வைப்பேன். கண்ணை மூடிக்கொள்வாள்.

"சூடாத்தான் இருக்குங்க."

முதல் தடவை கேட்டபோது இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஆனால் மறுநாளும் அதே சொல், அதே குரல். நான் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளோ? என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாளோ? கேட்கப் பயமாக இருந்தது. ஆமாம் என்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? கேட்காமலே வாரங்கள் போயின. ரயில் ஓசை பனிக்குள் வந்து பனிக்குள்ளேயே மறையும். நான் கிளறுவேன், அவள் கண்ணை மூடுவாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குவியலைக் கித்தானால் மூடிவிட்டு, நீண்ட நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை. மழை விட்ட காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கித்தானை விலக்கிவிட்டு, வாளி நிரப்பக் குழாயடிக்குப் போனேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது குனிந்து தானே இடது கையை உள்ளே விட்டிருந்தாள், உறைகூட இல்லாமல். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, இன்னிக்கி சில்லுன்னு இருக்கு. தண்ணிய ஊத்திட்டீங்களா?"

நான் ஊற்றவில்லை. அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை விட்டேன். எரு மக்கி முடிந்து பக்குவப்பட்டிருந்தது. கறுத்து, உதிர்ந்து, மண் வாசனையோடு, உள்ளே குளிர்ந்து கிடந்தது. எனக்கே தெரியாததை அந்தக் கை எனக்குச் சொல்லியிருந்தது. அழுகையை அடக்க முடியவில்லை. எருவுக்குள்ளேயே அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் விரல்களை மெல்ல இழுத்தாள்.

"விடுங்க, பாத்தி போடணும்," என்றாள். "உங்க கைதான் சுடுது."