பித்தளைக் கம்பியும் நல்ல நேரமும்

மலேசியாவின் கிள்ளானில் நான் அறிவியல் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளியில் ஒரே ஒரு காலி அறை இருந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் அதில் விழா நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். எனக்கு அது ஆய்வுக்கூடமாக வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சோதனை செய்து காட்டுகிறேன், பார்த்துவிட்டுக் கைதூக்கி முடிவெடுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் புழங்கிய கருவி ஒன்றைப் படத்தில் பார்த்து நானே செய்தேன். சுங்கை வே ஊர்ப் பட்டறையில் வாங்கிய பித்தளைக் கம்பி. ஒரு முனையை அசையாமல் இறுக்கிவிட்டேன், மறுமுனையில் ஒரு முள் சாய்ந்திருக்கும். அடியில் வரிசையாக மூன்று ஸ்பிரிட் விளக்குகள். சூட்டில் கம்பி மயிரிழை நீண்டாலும் முள் விரலளவு நகரும். வீட்டில் பத்து முறை நகர்ந்தது. தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அன்று கருவியைக் கூட்ட மேசையில் வைத்துவிட்டுப் போன என்னை அலுவலகத்தில் அரை மணி நேரம் பிடித்து வைத்துவிட்டார்கள். ஓடிவந்து முள்ளைச் சுழியத்தில் வைத்தேன். சன்னல் வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது. விளக்குகள் ஏற்கெனவே எரிவதைக் கவனிக்காமல் நெருப்புக்குச்சியை நீட்டி, "இப்போ பாருங்க!" என்றேன்.

முள் அசையவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று.

"பேட்டரி வீக்கா இருக்கும் லா," என்றார் பின்வரிசை ஆன்டி ஒருவர்.

குனிந்து பார்த்தால், விளக்கடியில் வேறு யாரோ போட்ட குச்சி, பக்கத்தில் கொஞ்சம் மல்லிகைப்பூ. "யாரு இத முன்னாடியே கொளுத்துனது?" என்று கத்திவிட்டேன்.

தலைவர் எழுந்தார். "நான்தான் டீச்சர். மூணு வெளக்கு வரிசையா இருந்துச்சா, கூட்டத்துக்கு ஏத்துறதுன்னு நெனச்சிட்டேன். நல்ல நேரம் முடியப் போவுது, உங்களையும் காணோம். சோரி டீச்சர்."

அரை மணி நேரம் காய்ந்த கம்பி, நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடித்திருந்தது. அதைத்தான் நான் சுழியம் என்று வைத்திருக்கிறேன்! ஆத்திரத்தில் மூன்றையும் மூடி அணைத்தேன். அறை போயிற்று. கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன்.

"டீச்சர், பின்னால போவுது!"

தலைவர்தான். மூக்கு கம்பியில் படாத குறையாகக் குனிந்திருந்தார். கம்பி ஆற ஆற, முள் சுழியத்தைத் தாண்டிப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கூட்டம் மேசையைச் சூழ்ந்துகொண்டது. மறுபடி ஏற்றச் சொன்னார்கள், முள் ஏறியது. அணைக்கச் சொன்னார்கள், இறங்கியது.

யாரும் கைதூக்கவே இல்லை. தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த அறைக்குப் போய், நாற்காலிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தார். எல்லார் முன்னாலும் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் என் கையில் நான்கு நாற்காலிகளைக் கொடுத்துவிட்டார்.