மாவுக்காரர் வீட்டில் மாவு இல்லை

மாடி அறைக்கு நான் குடிவந்த மறுநாள் காலை கதவைத் தட்டியவர், வாடகையைப் பற்றியோ தண்ணீர்க் குழாயைப் பற்றியோ பேச வரவில்லை. கீழ் வீட்டு அம்மா. இடுப்பில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம், தோளில் சுருட்டிய பிளாஸ்டிக் விரிப்பு.

"மாடியில கோதுமை காயப் போடணும் தம்பி. நீங்க உள்ள உக்காந்து படிச்சுக்கிட்டுத்தான இருப்பீங்க? புறா வந்தா ஒரு சத்தம் மட்டும் குடுங்க."

எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அடுத்த பரீட்சைக்குப் படிக்கத்தான் அந்த அறையை எடுத்திருந்தேன். என் பட்டத்துக்கு அந்தத் தெருவில் கிடைத்த முதல் வேலை, புறா விரட்டுவது. சாயங்காலம் அதற்குக் கூலியாக ஒரு கிண்ணம் மாடியேறி வந்தது. முழுசு முழுசாக வெந்த கோதுமை, சிவக்க வதக்கிய வெங்காயம், கீறிப் போட்ட ஒரு பச்சை மிளகாய். எங்கள் ஊரில் கோதுமையை மாவாகத்தான் பார்த்திருக்கிறேன். இதுவோ பல்லில் மெத்தென்று அமுங்கிக்கொடுத்துவிட்டு, அப்புறம் படக்கென்று உடைந்தது. தாடை வலித்தாலும் விடத் தோன்றவில்லை. இதை அரைத்துச் சாப்பிட மாட்டீர்களா என்று மறுநாள் கேட்டேன். அது பெரிய கதை என்று சொல்லிச் சிரித்தார். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதும், பிறகு பக்கத்திலிருந்து நான் பார்த்ததும் சேர்ந்ததுதான் இது.

தெருவில் அவருக்கு மாவக்கா என்று பெயர். மாவுக்காரர் மனைவி என்பதால் வந்த பெயர். மாவுக்காரர், மரக்கடைக்குப் பின்னால் இருந்த மாவு மில்லில் வேலை செய்தவர். மில் வேறொருவருடையது. ஆனால் கல்லைக் கழற்றுவது, உளி வைத்துக் கொத்துவது, பூட்டுவது, ஓட்டுவது எல்லாம் இவர் கை. கல்யாணமான புதிதில் சாயங்காலம் வீட்டுக்குத் தாத்தா போல வெள்ளைத் தலையோடு வருவாராம். குளித்துவிட்டு வந்தால் மாப்பிள்ளையாகிவிடுவாராம். எனக்கு ரெண்டு புருஷன் என்று மாவக்கா அக்கம்பக்கத்தில் சொல்லி, அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

அந்த மில் கல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதனால் எவ்வளவு நைசாக அரைத்தாலும் மாவுக்கு நடுவே அங்கங்கே அகலமாக ஒரு தவிட்டுச் செதில் தப்பி வந்துவிடும். வாடிக்கைக்காரர்கள் குறை சொன்னால் மாவுக்காரர் அசர மாட்டார். "அது நம்ம கல்லோட மச்சம்மா. மாவு காணாமப் போனாலும் அடையாளம் சொல்லலாம்" என்பார். மாவக்கா வீட்டில் சலித்துச் சலித்து அந்தச் செதிலைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மில்லில் அவருக்குக் கீழே ஒருவன் இருந்தான். அறுந்த பெல்ட்டை மாட்ட ஓடி ஓடியே அவனுக்குப் பெல்ட் என்று பெயர் வந்துவிட்டது. தம்பி மாதிரி. பாதி நாள் சாப்பாடு மாவக்கா கையால்தான். அவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு மில் போட்டான். வாடிக்கை பாதி அவன் பின்னாலேயே பாலம் ஏறிவிட்டது. கொஞ்ச நாளில் முதலாளியின் மகன்கள் இந்த மில்லை மூடி, இடத்தைக் கார் நிறுத்த விட்டுவிட்டார்கள். அவர்கள் எப்படியும் மூடத்தான் போகிறார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். மாவுக்காரர் கணக்கில் மட்டும், மூடியது பெல்ட். அன்றிலிருந்து அவர் பாலம் தாண்டவில்லை.

கடைசி நாளில், வேண்டியதை எடுத்துக்கொள் என்றார்கள். தராசு, மோட்டார் என்று மற்றவர்கள் பாய்ந்தபோது இவர் மிச்சமிருந்த கோதுமை மூட்டைகளைக் கேட்டார். கைவண்டியில் வந்து இறங்கிய கோதுமை, கழுவிக் காயவைத்த தகர டிரம்களில் ஏறி, முன்னறைச் சுவரோரம் வரிசையாக நின்றது. வீட்டில் நாற்காலி குறைவு. வந்தவர்கள் டிரம் மேல்தான் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்லதான்க்கா உக்கார்ற இடத்தையே சாப்பிடுறீங்க" என்பாள்.

கோதுமை வந்தது சரி, அரைக்க வேண்டுமே. அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே மில் பெல்ட்டுடையது. மாவுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அரைக்க வேண்டாம், அப்படியே ஆக்கு.

அப்படியே ஆக்குவது எப்படி என்று மாவக்காவுக்கும் தெரியாது. முதல் நாள் ஊறவைக்காமல் குக்கரில் போட்டு, விசில் மேல் விசில் அடித்தும் கோதுமை கல்லாகவே கிடந்தது. "ஜெயில்ல கூட இதைவிட மெத்துன்னு போடுவாங்க" என்றாராம் மாவுக்காரர். ஆனாலும் மென்று விழுங்கினார். பிறகு பழகிற்று. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ஒரு கொதி விட்டு, பானையோடு தூக்கிப் பழைய மில் சாக்கில் சுற்றி, அதற்கு மேல் கம்பளி போர்த்தி மூலையில் வைத்துவிடுவார். கேஸ் மிச்சம். தன் சூட்டிலேயே வெந்து, மதியம் திறந்தால் ஒவ்வொரு மணியும் வயிறு வெடித்துச் சிரிக்கும். அந்தப் பொட்டலத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மாவுக்காரர் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை தூங்கிருச்சா?" என்று கேட்பார்.

ஒருநாள் பருப்போடு, ஒருநாள் தக்காளியும் பூண்டும் வதக்கி, ஒருநாள் கீரையைக் கிள்ளிப் போட்டு. மிஞ்சினால் உப்புப் போட்ட மோரில். வடித்த தண்ணீரைக் கீழே கொட்டுவதில்லை. கொழகொழப்பாக இருப்பதால் குழம்பு கெட்டிப்பட அதுவே போதும். கட்டிக்கொடுத்த மகள் வெளியூரிலிருந்து வந்தால் பாலும் வெல்லமும். வெறும் வாணலியில் வறுத்துத் தட்டில் கொட்டினால் அது மாவுக்காரரின் நொறுக்குத் தீனி. மாவுக்காரர் வீட்டில் மாவு இல்லை என்று தெருவே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்பது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

நான் குடிவந்த காலத்தில் அந்த இருமல் மாடிக்குக் கேட்கும். வருஷக்கணக்காக மூக்கில் ஏறிய மாவெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது என்றார் டாக்டர். மூச்சு வாங்குகிறவரால் மெல்ல முடியாது. மென்றால் மூச்சு நிற்கும். அவசரமாக விழுங்கினால் ஒரு மணி தொண்டையில் நின்று, முகம் நீலம் பாரித்துவிடும். இனிமேல் நைசான கஞ்சிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போதிய காற்று உள்ளே போகாததால் நினைவு அப்பப்போ தடுமாறும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வாரமே மாவுக்காரர் போனில் பேசிய மகளைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மாவக்கா மிக்ஸியில் அடித்துக் கஞ்சி காய்ச்சினார். குருணை தொண்டையை அறுத்தது. கடையில் பாக்கெட் மாவு வாங்கிக் காய்ச்சினார். மாவுக்காரர் மோந்து பார்த்துவிட்டு, எந்தக் காலத்தில் அரைத்ததோ என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அரிசிக் கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே வந்தார். சுவரோரம் கோதுமை நிறைந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் கட்டிலில் ஒரு மனிதர் பட்டினியாகக் கிடக்கிறார். மாவக்கா கடைசியில் கேட்டேவிட்டார், பெல்ட்டிடம் கொடுத்து அரைத்து வரட்டுமா என்று.

மாவுக்காரர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "என் கோதுமை அவன் கல்லுல விழறதுக்கு, நான் இப்படியே கிடந்துட்டுப் போறேன்."

மறுநாள் மதியம் அவர் கண்ணயர்ந்ததும் மாவக்கா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, டிரம்மில் அள்ளிய கோதுமையைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பாலம் ஏறினார்.

பெல்ட் அவரைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டான். மில்லில் காத்திருந்தவர்களிடம், அண்ணி வந்திருக்காங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க என்றான். மேல்தொட்டியைத் துணியால் துடைத்தான். முன்னால் அரைத்ததன் வாசம் போக ஒரு பிடி கோதுமையை ஓட்டி, அதைத் தனியே கொட்டினான். பிறகு கல் சூடேறாமல் நிறுத்தி நிறுத்தி அரைத்தான். அண்ணனைப் பற்றிக் கேட்டான். மாவக்கா உண்மையைச் சொன்னார். அவன் மிஷினைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு வாளி மூடியை அழுத்தி மூடிக் கையில் கொடுத்தான்.

"நான் அரைச்சேன்னு சொல்லாதீங்க அண்ணி. சொன்னா சாப்பிட மாட்டாரு."

மாவக்கா வீட்டுப் படியேறும்போது மாவுக்காரர் கண் விழித்திருந்தார். வாளியைத் திறப்பதற்கு முன்பே வாசம் அவரை எட்டிவிட்டது. அரைத்த சூடு ஆறாத கோதுமை மாவின் வாசம். கையை நீட்டினார். பக்கத்து வீட்டு மிக்ஸி, புதுசு, நன்றாக அரைக்கிறது என்று மாவக்கா தயார் செய்துகொண்டு வந்த பொய்யைச் சொல்லியபடி ஒரு சிட்டிகை வைத்தார். அந்தக் கையில் பொய் நிற்காது என்று அவருக்குத் தெரியும். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

மாவுக்காரர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். நிறுத்தினார். மறுபடி தேய்த்தார். எதையோ நகத்தின் மேல் ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"நம்ம கல்லு" என்றார்.

மாவக்கா வாளியைக் கீழே வைத்தார். டாக்டர் சொன்ன தடுமாற்றம் இதுதான் என்று நினைத்தார். மில் இன்னும் ஓடுகிறது என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்படியே விட்டால் நாளைக்கு எழுந்து வேலைக்குக் கிளம்புவார். பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பதமாகச் சொன்னார்.

"நம்ம மில்லை மூடி எவ்வளவு நாளாச்சுங்க. இடிச்சு, இப்ப அங்க கார் நிறுத்துறாங்க. மறந்துட்டீங்களா?"

மாவுக்காரர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார்.

"அப்படியா" என்றார்.

விரலைப் போர்வையில் துடைத்துக்கொண்டார். மாவக்கா மாவைச் சலித்தார், சல்லடையில் நின்றதைக் குப்பையில் தட்டினார், கஞ்சி காய்ச்சினார். மாவுக்காரர் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். அடுத்தடுத்த நாட்களும் குடித்தார். ஆனால் மாவைக் கொண்டா என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கை நீட்டவில்லை. மாவக்கா போனில் மகளிடம், நினைப்புத்தான் ஒரு நிலையில்லை, ஆனா நல்லாச் சாப்பிடுறார் என்று சந்தோஷமாகவே சொன்னார். கட்டில் எட்டடி தூரத்தில்தான் இருந்தது. காது நன்றாகக் கேட்கும் அவருக்கு.

அந்த வாளி மாவு தீர்வதற்குள் மாவுக்காரர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு பெல்ட் வந்தான். வாசலிலேயே நின்றான். மாவக்கா உள்ளே கூப்பிட்டு ஒரு டிரம் மேல் உட்காரச் சொன்னார். அண்ணன் கடைசியாகக் கஞ்சி குடித்தாரா என்று கேட்டான். குடித்தார், மாவைத் தொட்டுப் பார்த்து நம்ம கல்லு என்று கூடப் பிதற்றினார் என்றார் மாவக்கா.

பெல்ட் முகத்தை மூடிக்கொண்டான்.

"அவர் பிதற்றல அண்ணி. அது அண்ணன் கல்லுதான்."

மில்லைப் பிரித்தபோது பழைய இரும்புக்காரன் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றியிருக்கிறான். கல்லை யாரும் சீந்தவில்லை, ஓரமாகக் கிடந்தது. பெல்ட் போய்க் கேட்டு வாங்கி வந்து, தன் கல்லைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டியிருக்கிறான். ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடம் அப்படியே இருந்தது. அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை பாலம் வரை வந்திருக்கிறான். வாடிக்கையை எடுத்தது போதாதென்று கல்லையும் எடுத்துவிட்டான் என்பாரோ என்று திரும்பிப் போயிருக்கிறான்.

மாவக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். வாளியின் அடியில் ஒட்டிக்கிடந்த மாவைச் சல்லடையில் கொட்டித் தட்டினார். மேலே அகல அகலமாகத் தவிட்டுச் செதில்கள் நின்றன. கோழிக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிய அதே செதில்கள். அன்றும் இதேபோலத்தான் நின்றிருக்கும். பார்க்காமல் குப்பையில் தட்டியிருக்கிறார்.

இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார், மாடியில் கோதுமையைக் கிளறிவிட்டுக்கொண்டு. ஒன்றும் தெரியாமல்தானே சொன்னீர்கள் என்றேன்.

"தெரியாமத்தான் சொன்னேன் தம்பி. ஆனா அவரு நம்பிட்டாரே. தன் விரலை நம்பாம என்னை நம்பிட்டாரு."

பெல்ட் இன்னும் வருகிறான். மிச்சக் கோதுமையை அரைத்துத் தருகிறேன் அண்ணி என்று கேட்டுப் பார்த்தான். மாவக்கா வேண்டாம் என்றுவிட்டார். "அரைச்சா, தொட்டுப் பாத்துச் சொல்ல ஆள் வேணும்ல" என்றார்.

எனக்கு வேலை கிடைத்து நான் அந்த அறையைக் காலி செய்துவிட்டேன். மாவக்கா அதே கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு டிரம் கோதுமை மிச்சம் இருக்கிறது. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ஒரு கொதி விட்டு, சாக்கில் சுற்றிக் கம்பளி போர்த்தி வைத்து, மதியம் சாப்பிடுகிறார்.