அக்காவின் வீட்டுக்குப் புது பிரேக்

மல்வேர்னில் இருந்த டவுன்ஹவுஸை விற்றுவிட்டு அக்கா ஒரு டிரெய்லரை வாங்கி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் அஜக்ஸ் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, என் கணவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"உது எங்கடை கராஜைவிட உயரமெல்லே!" என்றார்.

உண்மைதான். ட்ரக்கின் பின் கொக்கியில் மாட்டி இழுக்கும் சின்ன டிரெய்லர் அல்ல அது. முன்பக்கம் கழுத்துப்போல் நீண்டு, பிக்கப் ட்ரக்கின் பெட்டிக்குள் வந்து உட்காரும். பிஃப்த் வீல் என்பார்கள். உள்ளே படுக்கையறை, குளியலறை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருந்தன. அக்கா கட்டிலுக்கு மேலிருந்த தட்டில் பிள்ளையார் படத்தை வைத்து, ஓடும்போது விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டியிருந்தார்.

அக்கா தலை நரைக்கும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். காலையில் ஒரே தெருக்கள், பின்னேரம் அதே தெருக்கள். அத்தான் இறந்து, பிள்ளைகளும் வேலை கிடைத்த ஊர்களுக்குப் போய்விட்ட பிறகு, வேலையை விட்டார். "இந்த நாட்டை இன்னும் நான் பாக்கேல்லை" என்பது மட்டும்தான் அவர் சொன்ன விளக்கம். கோடை முழுவதும் டிரெய்லரில், குளிர்காலத்தில் எங்கள் பேஸ்மென்டில் என்று முடிவானது. ஆகவே அது சுற்றுலா வண்டி அல்ல, அக்காவின் வீடு.

முதற்பயணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கொலிங்வூட் பக்கம் போனார். திரும்பி வரும்போது ஒரு செங்குத்தான இறக்கம் வந்தது. இறக்கத்தின் அடியில் ஸ்டொப் பலகை, அதற்கு அப்பால் பெருந்தெரு. அக்கா பாதியிலேயே பிரேக்கை அழுத்தினார். ட்ரக் தயங்கியது. டிரெய்லர் தயங்கவில்லை. யாரோ முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கை என்னை முன்னே தள்ளியது. பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"அக்கா!"

"கதைக்காதை."

அவர் கியரை இறக்கினார். இயந்திரம் அலறியது. சைக்கிள்காரர்கள் ஒரு கூட்டமாகப் பெருந்தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களின் மஞ்சள் மேற்சட்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பலகையைத் தாண்டி, ட்ரக்கின் மூக்கு தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, வண்டி நின்றது. கடைசியாக வந்த சைக்கிள்காரர் எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு, கையைக் காட்டி ஏசியபடி போனார். அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை.

"வீடு என்னைத் தள்ளுதடி" என்றார் மெல்ல.

விற்றுவிடச் சொல்லாதவர்கள் இல்லை. என் கணவரும் சொன்னார், அக்காவின் மூத்த மகன் போனில் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான். அக்கா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றுவிட்டு, அடுத்த கிழமை டிரெய்லரை மெதுவாக ஸ்காபரோவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். கராஜை நடத்துபவர் கல்முனைப் பக்கத்து முஸ்லிம். எங்களைவிட இளையவர். டிரெய்லர்களும், குதிரை ஏற்றும் வண்டிகளும், படகு ஏற்றும் வண்டிகளுமாகத் திருத்துபவர். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகப் பேசுவார்.

ஜாக்குகள் நான்கு பக்கமும் ஏறின. அக்காவின் வீடு தரையிலிருந்து எழும்பியது. நான் அந்த வீட்டுக்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு அடிப்புறம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நீண்ட இரும்புச் சட்டங்கள், வில்போல் வளைந்த ஸ்பிரிங் தகடுகள், அவற்றைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்னச் சின்ன இரும்புப் பட்டைகள். அவ்வளவு கனமும் அந்தப் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரச் சில்லுகளைக் கழற்றியபின், கராஜ்காரர் ஒரு போல்டைத் தட்டித் தட்டி வெளியே எடுத்தார்.

"அக்கா, இஞ்ச பாருங்க."

விரல் தடிப்பில் இருக்க வேண்டிய போல்ட், நடுவில் கரும்புத்துண்டைக் கடித்ததுபோல் தேய்ந்திருந்தது. அது நின்ற துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவமாக நீண்டிருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை பொடியாக அவர் உள்ளங்கையில் கொட்டியது. பிறகு பிரேக் ட்ரம்மைத் திறந்தார். உள்ளே கிரீஸ் ஒழுகி, பிரேக் கட்டைகள் கறுத்துப் பளபளத்தன.

"பிரேக்குக்கு எண்ணெய் பூசி வெச்சா எப்பிடிப் பிடிக்கும்? இவ்வளவு தூரமும் உங்களப் பிடிச்சிட்டு வந்தது அல்லாஹ்தான்."

அக்கா சிரிக்கவில்லை. அந்தப் போல்டை வாங்கி, தேய்ந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார். நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவே பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்த எங்களை, இந்த மெலிந்த இரும்பல்லவா சுமந்து வந்திருக்கிறது!

"எல்லாத்தையும் மாத்துவம்" என்றார் அக்கா. "நானும் கூட நிண்டு செய்யப்போறன். எனக்குக் கீழை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியவேணும்."

அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நாளைக்கு நல்ல சப்பாத்துப் போட்டுட்டு வாங்க."

அக்கா பழைய ஜீன்ஸும், மகன் விட்டுப்போன பனிக்கால பூட்ஸுமாக வந்தார். சில்லுப் பூட்டிய பலகையில் மல்லாந்து படுத்து டிரெய்லருக்கு அடியில் போனார். வெளியே பூட்ஸ் மட்டும் தெரிந்தது. உள்ளே இருவரும் கத்திக் கத்திக் கதைத்தார்கள். மெல்லிய பட்டைகள் போய்த் தடித்தவை வந்தன. பிளாஸ்டிக் உறைகள் இருந்த இடத்தில் வெண்கல உறைகளும், கிரீஸ் ஏற்றத் துளை வைத்த போல்டுகளும் வந்தன. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, ரப்பர் வைத்த ஒரு இணைப்பு. ட்ரம்கள் இருந்த இடத்தில் வட்டத் தட்டுகள், கண்ணாடிபோல மினுங்கின. அவற்றைக் கவ்விப் பிடிக்க இரும்புக் கவ்விகள். டிரெய்லரின் முன்னறையில் ஒரு சிறு மோட்டார்ப் பெட்டி. ட்ரக்கில் பிரேக் அழுத்தினால் மின்சாரம் இந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டி எண்ணெயை அழுத்தும். எண்ணெய் குழாய்வழியே ஓடிக் கவ்விகளை இறுக்கும்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு என்னை ட்ரக்கில் உட்கார வைத்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளுவிசை இருந்தது. "அமத்துங்க" என்று சத்தம் வரும்போது அதைப் பெருவிரலால் தள்ளவேண்டும்; "விடுங்க" என்றால் விடவேண்டும். தள்ளினேன். எங்கோ பின்னால் தேனீக்கூட்டை உசுப்பியதுபோல் ஒரு ரீங்காரம் எழுந்தது.

"குமிழி வருது! வருது! இன்னும் அமத்துங்க!"

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது. "இஞ்சை வாடி, வந்து பார்."

இறங்கிப் போனேன். கராஜ்காரர் இன்னொருமுறை தள்ளச் சொல்லித் தன் வேலையாளை ட்ரக்குக்கு அனுப்பினார். கவ்வியிலிருந்து வந்த கண்ணாடிக்குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. தேன்நிறத்தில் எண்ணெய் மட்டும். பிறகு அக்கா இரண்டு கைகளாலும் வட்டத்தட்டைப் பிடித்துச் சுழற்றினார். விசிறிபோல் சுழன்றது. ட்ரக்கில் விசையைத் தள்ளினார்கள். தட்டு அந்தக் கணமே நின்றது. அக்கா முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார், நானும் சேர்ந்து இழுத்தேன், அசையவில்லை. ஒரு பெருவிரல் அங்கே தொட, இங்கே மலைபோல் பிடிக்கிறது. இரண்டு பேரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு காலையில் கராஜுக்குப் பின்னாலிருந்த தொழிற்சாலைத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கராஜ்காரர் நடைபாதையில் நின்று கத்தினார். "அக்கா, மெல்ல வாங்க! கால் பிரேக்கத் தொடாதீங்க, கையால அந்த விசைய மட்டும் தள்ளுங்க!"

அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். விசையைத் தள்ளினார். சட்டையின் பின்கொலரை யாரோ பிடித்து இழுத்ததுபோல் ட்ரக் நின்றது. எங்களைத் தள்ளிக்கொண்டு வந்த அதே வீடு, இப்போது ட்ரக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவிட்டது. உள்ளே ஒரு பாத்திரமும் உருளவில்லை. அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னொருக்கால்" என்றார். அந்தத் தெருவில் எத்தனை தரம் போய்வந்தோம் என்று எனக்கு நினைவில்லை.

ஆடி மாதம் வடக்கே போனோம். சுப்பீரியர் ஏரியின் கரையோரம் தெரு ஏறி ஏறிப் போய், ஓரிடத்தில் தலைகீழாக இறங்கத் தொடங்கியது. லொறிகளுக்குக் கியரை இறக்கச் சொல்லும் பலகை வந்தது. நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கியரை இறக்கினார், பிரேக்கை ஒருமுறை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கால், அவசரமே இல்லை. வீடு எங்களுக்குப் பின்னால் பணிவாக வந்தது.

அப்போதுதான் மரங்கள் விலகின. தண்ணீர். எதிர்க்கரை இல்லாத தண்ணீர். கறுப்புப் பாறைகளில் அலை அடித்து வெள்ளையாக எழும்பியது. ஏரி என்று படித்திருந்தேன். கண்ணுக்கு அது கடல்தான். நான் கதவுப் பிடியை எப்போது விட்டேன் என்று தெரியாது.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி அக்கா இறங்கினார். முதலில் ஒவ்வொரு சில்லின் அருகிலும் குனிந்து, தொடாமல், உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"எல்லாத்திலையும் ஒரே அளவுச் சூடு" என்றார். "எல்லாம் ஒண்டாய்ப் பிடிக்குது."

அதன் பிறகுதான் ஏரியைப் பார்த்தார். காற்று அவருடைய தலைமயிரைக் கலைத்தது.

"இவ்வளவு பெரிசு இஞ்சை இருந்திருக்கு" என்றார். "நான் அங்கை ஒரே வளைவிலை திரும்பிக்கொண்டு இருந்திருக்கிறன்."

அவர் கையைப் பிடித்தேன். கிரீஸ் நகக்கண்ணில் இன்னும் கறுப்பாக இருந்தது.

"இதைப்போல இறக்கம் இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

போனில் வரைபடத்தைத் தள்ளிப் பார்த்தேன். "இருக்கு அக்கா. நிறைய இருக்கு."

"அப்ப ஏறு, போவம்."