செத்தவன் எழுந்து நிற்கக் கூடாது

ஆர்லீன் தன் புருஷனைச் சாகச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். படகுத் தரகன் கர்ட் காகிதக் கோப்பைகளில் காபி கொடுத்திருந்தான். மழை இல்லாத ஏப்ரல் காலை அது. எங்கள் கடலோர ஊரான அனகார்ட்டிஸில் அப்படி ஒரு காலை வாய்த்தால் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டோம்.

"வெர்ன், நீ போய் அந்த சோபால படு. நீ செத்துட்ட. நான் இந்தப் படகைத் தனியா வெளிய கொண்டுபோய், தனியாத் திருப்பிக் கொண்டுவந்து கட்டுவேன். முடிஞ்சா வாங்கலாம். முடியலன்னா வேணாம்."

கர்ட்டுக்குக் காபி புரையேறியது. கட்டில் எத்தனை, எஞ்சின் ஒன்றா இரண்டா என்று கேட்கிறவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். படகு பார்க்க வந்த இடத்தில் புருஷனைப் பிணமாக்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறான்.

வெர்ன் கோப்பையைக் கீழே வைத்தான். "எப்படிச் செத்தேன்?"

"தூக்கத்துல. நிம்மதியா."

"அப்பச் சரி," என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

நான் மார்ஜ். இந்தப் படகுத்துறையில் படகுகளுக்குக் கூரைத்துணி தைத்துப் பிழைக்கிறேன். என் சொந்தப் படகிலேயே குடியிருக்கிறேன். வாங்க வந்தவர்களுக்குத் துணிகளைக் காட்டி விளக்கத்தான் கர்ட் என்னைக் கூப்பிட்டிருந்தான். ஆனால் ஆர்லீனை எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஊரில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவள் அவள். மவுண்ட் வெர்னன் பக்கம் மாட்டுப் பண்ணையில் பிறந்து, அந்த நீண்ட மஞ்சள் பேருந்தை ஓய்வு பெறும்வரை ஓட்டினாள். கடைசிப் பிள்ளை உட்காரும்வரை வண்டியை நகர்த்த மாட்டாள். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவன் அடங்கிவிடுவான். வெர்ன் இழுவைக் கப்பல் ஓட்டியவன். மரக்கட்டைகளைக் கட்டித் தீவுகளுக்கு நடுவே இழுத்துப்போகிற வேலை. ஆறடிக்கு மேல் உயரம், குரலும் அதற்குத் தகுந்த மாதிரி.

வீட்டை விற்றாகிவிட்டது. கோடை பிறந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் ஒரு டிராலர் வாங்கி அதில் குடியேறுவது என்பது வெர்னின் திட்டம். எங்கள் டிராலர்களில் வலை கிடையாது, மீன் வாடை கிடையாது. மீன்பிடி படகின் உடம்பு, உள்ளே அடுப்பும் கட்டிலும் டீசல் கணப்பும் இருக்கும், அவ்வளவுதான். படகு அமையாவிட்டால் ஸ்போக்கேனில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட். மலைக்கு அந்தப்பக்கம், கடல் கண்ணுக்கே தெரியாத ஊர். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெர்ன் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிடுவான். ஆனால் முடிவை ஆர்லீன் கையில் விட்டிருந்தான். விட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

காரணம் போன அக்டோபர். வெர்னின் தம்பி படகை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நண்டுக்கூண்டு போடப் போனார்கள். கூண்டைத் தூக்கும்போது வெர்ன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். ஆர்லீனுக்கு ரேடியோவில் கூப்பிடத் தெரிந்தது, படகைக் கரைக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. கடலோரக் காவல் படை வந்து சேரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே தெரிகிற ஊரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் ரத்தக் குழாயில் சுருள் வைத்து அவனை எழுப்பிவிட்டார்கள். அவளை யாரும் எழுப்பவில்லை. "என் பஸ்ஸா இருந்தா ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன் மார்ஜ்," என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதனால்தான் இந்தப் பரீட்சை. வெர்ன் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் பார்த்த முதல் படகு ஐம்பதடி. வெர்ன் மனசைப் பறிகொடுத்தது அதில்தான். எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. எத்தனை அடிப் படகு வைத்திருந்தாலும் இன்னும் இரண்டடி இருந்தால் தேவலை என்று தோன்றும். வெர்னுக்கு அது முற்றிவிட்டிருந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தனி அறை, துணி துவைக்கும் இயந்திரம், சுக்கானோ மாடியில். அங்கே நின்றால் கனடா வரை தெரியும். கயிறு கட்டும் இடம் மட்டும் தெரியாது.

ஆர்லீன் நிதானமாகத்தான் திரும்பி வந்தாள். துறைக்குள் நுழைந்ததும் காற்று படகின் மூக்கைத் தள்ளியது. கயிறு கட்ட அவள் சுக்கானை விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடிவருவதற்குள் படகு தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது. இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படகு ஒன்று உள்ளே வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூட எழுந்தோடிக் கயிற்றைப் பிடிப்பான். பேச்சுவார்த்தை இல்லாதவன் படகானாலும் பிடிப்பான். சும்மா நிற்கிறவனைப் பின்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். அன்றைக்கு ஓடிவந்தவன் ட்வைட். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பிடுங்கியே பழகிய கை சும்மா இருக்குமா? மூக்குக் கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். மூக்கு உள்ளே வர, வால் வெளியே சுழன்று அடுத்த படகின் மேல் போனது.

உள்ளே செத்துக் கிடந்த வெர்ன் துள்ளி எழுந்து, கீழே இருந்த இன்னொரு சுக்கானைப் பிடித்து, ஒரு நொடியில் படகை நேராக்கிவிட்டான்.

"செத்தவன் எழுந்து நிக்கக் கூடாது!" என்று ஆர்லீன் கத்தினாள்.

"இடிச்சிருப்ப ஆர்லீன்!"

"ஆமா, இடிச்சிருப்பேன். அதைத்தானே தெரிஞ்சுக்க வந்தோம்? ட்வைட், உன்னை யாருய்யா கூப்பிட்டா?"

"உதவிதானேம்மா செஞ்சேன்."

"ராத்திரில, மழைல, ஒரு தீவுத் துறைல நான் தனியாப் போய் நிக்கும்போது நீ அங்க வந்து நிப்பியா? அடுத்த தடவை எல்லாரும் கையை சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கணும். சொல்லிட்டேன்."

கையைச் சட்டைப் பையில் வைப்பதாம்! எங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அடுத்ததாக முப்பதடிப் படகு ஒன்று. பாவம், தரகு குறையுமே என்று கர்ட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆர்லீன் அதைத் தம்ளரை மேஜையில் வைப்பதுபோல் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் கை தட்டினோம். பைக்குள் இருந்த கைகளை வெளியே எடுக்க அதுவும் ஒரு சாக்கு. அவளே பெருமையில் மிதந்தாள். இரண்டு நாள் தங்கிப் பார்க்கிறோம் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் விடாமல் மழை.

மூன்றாம் நாள் காலை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். வெர்ன் நெற்றியில் பிளாஸ்திரி.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இவன் கால்சட்டை மாட்டணும்னா நான் மழைல போய் நிக்கணும்," என்றாள் ஆர்லீன். "நான் முட்டை பொரிக்கணும்னா இவன் கட்டில்மேல ஏறி உக்காரணும். ஈரச் சட்டைய எங்க தொங்கவிட்டாலும் என் மூஞ்சிலதான் தொங்குது."

"நீதானே அழகாக் கொண்டுவந்து கட்டின?" என்றேன்.

"இவன் செத்தப்புறம் எனக்கு இந்தப் படகு போதும் மார்ஜ். ஆனா இந்த மனுஷன் இன்னும் சாகலையே!"

வெர்ன் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தான். முடியவில்லை. அவன் சிரித்ததும் அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் என் படகுக்கு வந்தவள் சிரிக்கவில்லை. "ஸ்போக்கேனுக்கே போயிடலாம்னு தோணுது," என்றாள். "அவன் அங்க வாடிப்போயிடுவான். தெரியும். ஆனா உயிரோட இருப்பான்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாடிப்போன வெர்னை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனால் என் வாய் அப்படி. அவள் எழுந்து போனாள்.

மூன்றாவது படகு மே மாதம் வந்தது, அதையும் பார்த்துவிடலாம் என்று ஆர்லீன் வந்தாள். முப்பத்தெட்டு அடி, ஒரே எஞ்சின், வயதான படகு. பார்க்க ஒன்றும் ரதி இல்லை. துணிகள் எல்லாம் கிழிசல், அதில் எனக்கு நல்ல வேலை இருந்தது. ஆனால் சுக்கானுக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு. திறந்தால் நேரே நடைபாதை, கைக்கெட்டும் இடத்தில் நடுக்கயிறு, காலுக்கெட்டும் உயரத்தில் துறைப் பலகை. ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். உள்ளே வெர்ன் நிமிர்ந்து நின்றான், தலை இடிக்கவில்லை. ஆர்லீன் அந்தக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"படு," என்றாள் அவனிடம்.

அன்று மேற்கிலிருந்து காற்று. கடல் வற்றும் நேரம் வேறு, தண்ணீர் கால்வாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வேறு நாள் பார்க்கலாம் மேடம் என்று கர்ட் சொன்னான். "சாவு நாள் பார்த்தா வரும்?" என்று கேட்டுவிட்டு அவள் எஞ்சினைப் போட்டாள்.

துறையே திரண்டு நின்றது. எல்லோர் கையும் பைக்குள். ட்வைட் மட்டும் தன் கைகளை நம்பாமல் அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அவள் திரும்பி வந்தாள். முதல் தடவை மூக்கு காற்றில் விலகியது. கயிறு எட்டாது என்று எங்களுக்கே தெரிந்தது. என் கை பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. ஆனால் அவள் ஓடிவரவில்லை, கத்தவுமில்லை. பின்னுக்கு எடுத்து, வெளியே போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தாள். இப்படி விட்டுவிட்டுத் திரும்ப வருவது மட்டும் பாதித் துறைக்கு வராது. தப்பாக வந்துவிட்டால் அதையே சரியாக்கப் பார்த்து இடிப்போம்.

இரண்டாம் தடவை பலகை ஓரமாக மெல்ல வந்தது. கதவு திறந்தது. அவள் இறங்கி நடுக்கயிற்றைப் பலகையில் இருந்த கட்டுக்கட்டையில் மாட்டிவிட்டு, திரும்பி உள்ளே போய் எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டாள். கயிறு இறுகியது. படகு தானே பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு சாவகாசமாக வால் கயிற்றையும் மூக்குக் கயிற்றையும் கட்டினாள். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

வெர்ன் எழுந்து வந்தான். "கண்ணைத் தொறக்கவே இல்ல. சத்தியமா."

"நல்லது. இப்ப நீ போ. நான் செத்துட்டேன்."

"நானா? நாப்பது வருஷம் கப்பல் ஓட்டினவன்கிட்ட…"

"நாப்பது வருஷமும் கயித்தைப் பிடிக்க உனக்கு ஆள் இருந்துச்சு. போ."

அவன் முகம் மாறியது. அவள் இல்லாமல் போகலாம் என்பதை அதுவரை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவன் கயிறுகளை அவிழ்த்தான்.

போனவன் உடனே திரும்பவில்லை. தடுப்புச் சுவரைத் தாண்டி, தீவைத் தாண்டிப் போய்விட்டான். கர்ட் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். காற்று தணிந்த பிறகு படகு திரும்பி வந்தது, எஞ்சின் சத்தமே கேட்காத அளவு மெதுவாக. வெர்ன் இறங்கிக் கயிற்றை மாட்டினான். ட்வைட் ஏதோ சொல்ல வாயெடுக்க, விரலை உதட்டில் வைத்து அடக்கினான்.

"தூங்குறா," என்றான் கிசுகிசுப்பாக.

"நடிக்கிறாளா இருக்கும்," என்றான் ட்வைட்.

"குறட்டை விடுறா. அங்க எழுப்ப மனசு வரல, அதான் அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்." அந்தப் பெரிய உடம்புக்காரன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்து என் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருப்பா. நானும் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். இன்னைக்குத்தான் இவ தூங்கிப் பார்க்கிறேன்."

கும்பல் கலைந்தது. கர்ட்டும் நானும் மட்டும் நின்றோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உள்ளே அலமாரிகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"வெர்ன்!" என்று ஆர்லீனின் குரல். "என் பெரிய இரும்புச் சட்டி இதுல நுழையாது போலிருக்கே."

"அலமாரிய அறுத்துடுறேன்," என்றான் வெர்ன்.

விலையே இன்னும் பேசவில்லை, இது வேறொருவருடைய படகு என்று சொல்லக் கர்ட் வாயைத் திறந்தான். நான் அவன் காலை நன்றாக மிதித்தேன்.