கூவும் பாறையிலிருந்து ஒரு ஓ.டி.பி.

கொல்லிமலைக்கு மற்றவர்கள் அருவியில் குளிக்கப் போவார்கள், அன்னாசிப்பழம் வாங்கப் போவார்கள், எழுபது வளைவையும் வீடியோ எடுக்கப் போவார்கள். நான் கடந்த ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை போனது ஒரு சாதிச் சான்றிதழுக்காக. சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தது. அது செல்லும் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கொல்லிமலையின் பைல் நாட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் இறங்கி வந்து, இப்போது சேந்தமங்கலத்தில் குடியிருக்கிறேன். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு பத்தாவது, அதுவும் ஆங்கிலத்தில் இரண்டாவது முயற்சியில். ஆண்டவன் எனக்குத் தாராளமாகக் கொடுத்தது தொண்டை ஒன்றைத்தான். பஸ் நிலையத்தில் நான் ஊர்ப் பெயர் சொன்னால் பக்கத்துத் தெருவில் தூங்குகிறவர் எழுந்து டிக்கெட் எடுப்பார்.

மகள் யாழினி பிளஸ் டூ முடித்தாள். அரசு நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். மலைவாழ் மக்கள் ஒதுக்கீட்டில் அவள் மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். சான்றிதழ் எண்ணைக் கலந்தாய்வு இணையதளத்தில் போட்டால், 'சரிபார்ப்பில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. உதவி எண்ணுக்கு ஒன்றரை நாள் போன் போட்டேன். கடைசியில் ஒருவர் எடுத்து, "வழங்கிய அலுவலகத்தை அணுகவும்" என்று சொல்லி வைத்துவிட்டார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். முந்தைய நாளே ஏன் கிளம்பவில்லை என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டுவிட்டாள்.

சேந்தமங்கலத்தில் காலை 6.35க்கு பஸ். செம்மேடு வரை சுமார் நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். நானும் கண்டக்டர்தான் என்று தெரிந்தால் விட்டுவிடுவார் என நினைத்து, பையை அணைத்துப் பிடிக்கும் தோரணையில் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு டிக்கெட் கிழித்தார். நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன். காரவள்ளி தாண்டி வளைவு தொடங்கியதும் முன் சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். யாழினி சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்து, எழுபது வளைவுக்கும் அதைச் சாயவிடாமல் பிடித்திருந்தாள்.

செம்மேட்டில் இறங்கும்போது மணி 8.50. அங்கிருந்து மினி பஸ் 9.30க்கு. பதினான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். நாங்கள் போன அலுவலகம் எதுவென்று எழுத மாட்டேன். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு அனுபவித்துவிட்டார்கள். கிராம அலுவலரின் அறையும் இ-சேவை மையமும் ஒரே கட்டடம். எதிரே சரிவு முழுக்க சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும். சரிவின் உச்சியில் சின்னராசு மாமாவின் டீக்கடை.

இந்த இடத்தின் ஏற்பாட்டைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. அலுவலகத்துக்குக் கேபிள் வழியாக இணையம் வருகிறது. ஆனால் செல்போன் சிக்னல் கிடையாது. சிக்னல் இருப்பது மேலே டீக்கடையில் மட்டும். அதுவும் ஒரே ஒரு கோடு. பேசலாம், மெசேஜ் வரும், இணையம் வராது. அரசாங்கமோ அலுவலர் கணினிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கிறது. அது அவருடைய போனுக்குத்தான் வரும். என்ன செய்வது? மலையில் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் கூவித்தான் எல்லாச் சேதியும் போகும். ஆள் வேண்டும் என்றாலும் கூவல், பஸ் வருகிறது என்றாலும் கூவல். அதே வழியில் இதையும் ஓட்டினார்கள். அலுவலரின் போன் பகலெல்லாம் டீக்கடை ஆணியில் தொங்கும். மெசேஜ் சத்தம் கேட்டதும் மாமா ஆறு எண்ணையும் கூவுவார். பாதி வழியில் ஒரு பாறை. அன்றைக்கு யார் வேலையாக வந்திருக்கிறார்களோ அவர்களில் ஒருவர் அந்தப் பாறையில் நின்று, கேட்டதை ஜன்னலுக்குத் திருப்பிக் கூவுவார். கடவுச்சொல்லோ அலுவலகத்து நாள்காட்டியின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும்.

பிப்ரவரியில் யாழினியின் சான்றிதழுக்காக வந்தபோது பாறையில் நின்றது நான். "இப்படி ஒரு தொண்டைய இந்த மலை பாத்ததில்லீங்க" என்று அப்போதிருந்த அலுவலர் அம்மா ஜன்னலிலிருந்தே பாராட்டினார். நானும் உச்சி குளிர்ந்து போனேன்.

இந்த முறை வரிசையில் பதினொன்றாவது ஆள் நான். ஜன்னலுக்கு மேலே புதிதாக ஒரு நோட்டீஸ்: 'ஓ.டி.பி.யை யாரிடமும் பகிராதீர்கள். கூவுவது தடை செய்யப்பட்டுள்ளது.' புது அலுவலர் அம்மாவுக்கு இரண்டு ஊர்ப் பொறுப்பு. கீழே கூட்டம் முடித்து அவர் வரும்போது மணி மூன்று. எங்கள் முறை வரும்போது 4.25.

"பழைய அம்மா எங்கீங்க?" என்று கேட்டேன்.

"சஸ்பென்ஷன்ல இருக்காங்க" என்றார். பிறகு, சலிப்பில்லாமல், சொன்னார். யாரோ மலைக்குக் கீழே உட்கார்ந்து இந்த அலுவலகத்தின் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஓ.டி.பி. மேலே டீக்கடைப் போனுக்கு வந்திருக்கிறது. சத்தம் கேட்டதும் மாமா வழக்கம்போலக் கூவியிருக்கிறார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அவர்களுடைய ஆள் அதைக் கேட்டு, போனில் கீழே சொல்லியிருக்கிறான். மலையையே பார்த்திராதவர்களுக்கு மலைவாழ் சான்றிதழுக்கான பரிந்துரை அப்படிப் போயிருக்கிறது. விஷயம் வெளியானதும், அந்த மாதங்களில் இந்த லாகினில் போன அத்தனை சான்றிதழையும் மேலதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். எது அசல், எது போலி என்று கமிட்டி வந்து பார்க்குமாம்.

"கமிட்டி எப்பங்க வரும்?"

"அது எனக்கே தெரியாதுங்க. ஓ.டி.பி. இல்லாம லாகின் பண்ணப் புது மெசின் தர்றோம்னாங்க. அதுவும் வரல. இப்போதைக்கு நோட்டுலதான் எழுதி வெக்கிறேன்."

"ஓ.டி.பி. யாரு கூவுனாங்கன்னு விசாரிச்சாங்களா?" என்று கேட்காமல் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எனக்குப் பின்னால் நின்ற மரவள்ளிக் காட்டுக்காரர் போட்டார் ஒரு போடு: "மாசத்துல பாதி நாளு நாங்க கூவுனோம். ஆனா பிப்ரவரில ஒரு நா இந்த அண்ணன் கூவுனாருங்க பாருங்க, மலையடியில இருக்குற புளியஞ்சோலைக்கே கேட்டிருக்கும்!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் மூன்று எண் கூவினேன். இரண்டாவது முடிந்த பிறகு மேலிருந்து மூன்றாவது வந்தது. நான் ஜன்னலுக்குக் கூவினேன். உள்ளேயிருந்து, "நாங்க கேக்கவே இல்லீங்களே!" என்றார்கள். "சும்மா வெச்சுக்கங்க, உபரி!" என்று நான் பதில் கூவினேன். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அன்றைக்குக் கூட வந்திருந்தாள்.

மணி 4.38. கணினி பார்க்கும் கவிதா என்ற பெண்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கலந்தாய்வுத் தளத்தின் ஒரு மூலையில், ஆங்கிலத்தில், 'சான்றிதழ் சரிபார்ப்பில் உள்ளது' என்று உறுதிமொழி கொடுக்க ஓர் இடம் இருந்தது. அதை ஐந்து மணிக்குள் அனுப்பினால் பதினைந்து நாளுக்கு இடத்தைப் பிடித்து வைப்பார்கள். "அக்கா, சீக்கிரம்" என்று யாழினி உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் நிரப்பினாள். கடைசியில் தளம் கேட்டது: பதிவு செய்த எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.

பதிவு செய்த எண் என் சட்டைப் பையில். சிக்னல் மலை உச்சியில்.

செம்மேட்டுக்குப் பைக்கில் பறந்தாலும் முப்பத்தைந்து நிமிடம். ஆகவே நான் ஏறினேன். சரிவு முந்நூறு மீட்டர் இருக்கும். அவளை ஓடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கீழே திரையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம், எனக்கு மவுஸ் பிடிக்கவும் தெரியாது. கால் மட்டும்தான் என்னால் தர முடிந்தது, அதிலும் ஒரு முட்டி பழுது.

டீக்கடையில் மாமா வெறும் ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். போலீஸ் அவரையும் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. "மணி அடிச்சா கூவுவேன் மாப்ள. எது நல்ல நம்பரு, எது கெட்ட நம்பருன்னு அதுல எழுதியா இருக்குது?" என்றார். நான் கடையை அடைந்ததும் கையை ஆட்ட, கீழே யாழினி பட்டனை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு. ஆட்டினேன். மெசேஜ் வந்தது: மூன்று நிமிடம் மட்டுமே செல்லும். எண்ணைப் படித்துக்கொண்டே இறங்கினேன். மிளகுக்கொடி அடியில் வழுக்கி உட்கார்ந்தேன். ஜன்னலை அடைந்தபோது, "போயிருச்சுப்பா" என்றாள். மணி 4.49.

மறுபடி ஏறினேன். இரண்டாவது மெசேஜ் 4.56க்கு வந்தது. பாறை வரை ஓடி வந்து நின்றேன். பிப்ரவரியில் நின்ற அதே பாறை. ஆறு எண்ணும் மனதில் இருந்தன. ஜன்னல் நேர் கீழே தெரிந்தது. யாழினி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் புது அலுவலர் அம்மா. அவர்களுக்கு மேலே அந்த நோட்டீஸ். வாயைத் திறந்தேன். பழைய அம்மாவின் முகம் வந்தது. இன்னொரு ஆள் வேலை போக நான் காரணமாக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே போய் எண்ணைச் சொன்னேன். யாழினி தட்டினாள். 'நேரம் முடிந்துவிட்டது' என்றது. மீண்டும் அனுப்பும் பட்டனை அழுத்தினாள். அந்த உறுதிமொழிப் பக்கமே மூடிவிட்டது. சுவரில் மணி 5.01.

பிறகு அலுவலர் அம்மா, நிஜமாகவே புரியாமல், கேட்டார்: "ஏனுங்க, பாறையில நின்னீங்களே, அங்கிருந்தே கூவியிருக்கலாமுங்களே?"

"தடைன்னு போட்டிருக்குதுங்களே."

"அது எங்க ஆபீஸ் லாகினுக்குங்க. இது உங்க சொந்த நம்பரு. நீங்க கூவுனா யாரு கேக்கப் போறாங்க?"

கடைசி மினி பஸ் 5.20. செம்மேட்டிலிருந்து கீழே போகும் பஸ் 6.15. யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. பாதி வளைவு இறங்கியதும் என் போன் கத்தியது. அவள் வாங்கிப் பார்த்தாள்.

"என்ன கண்ணு?"

"அந்த சைட்டுலருந்துதான். 'உங்கள் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்.'" பிறகு, வெளியே பார்த்தபடியே, "நீங்க பாறையில நின்னப்ப கூவுங்கன்னு சொல்ல வந்தேன்ப்பா. நானும் அந்த நோட்டீஸப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. கமிட்டி இன்னும் வரவில்லை. அந்தச் சுற்றில் அவளுடைய இடம் போய்விட்டது. சான்றிதழ் இன்னும் சிவப்பில்தான் நிற்கிறது, ஆகவே அடுத்த சுற்றிலும் ஒன்றும் இல்லை. இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். பிப்ரவரியில் மூன்றாவது எண்ணைக் கூவியது நான்தான், பழைய அம்மாவுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு மனு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. போலி வாங்கியவர்களில் யாருக்காவது இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை. எங்கோ உட்கார்ந்து, சிக்னல் உள்ள அறையில் சிக்னல் இல்லாத ஊருக்குச் சட்டம் எழுதியவர் மேல் கோபப்படலாம். ஆனால் கோபப்படும்போதெல்லாம் என் குரல்தான் எனக்குக் கேட்கிறது: "சும்மா வெச்சுக்கங்க, உபரி!"

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடைசி நாளில் போகாதீர்கள். நகல் எல்லாம் சேந்தமங்கலத்திலேயே எடுத்துவிடுங்கள், மேலே கரண்ட் இருந்தால்தான் ஜெராக்ஸ். வயிற்றுக்கு எலுமிச்சம்பழம், காலுக்கு வார் வைத்த செருப்பு. ஆன்லைன் வேலை எதுவானாலும் கீழேயே, சிக்னல் உள்ள இடத்தில் முடியுங்கள். முடியாமல் அந்தப் பாறையில் நிற்க நேர்ந்தால், கையில் இருப்பது யாருடைய எண் என்று முதலில் பாருங்கள். மற்றவருடையது என்றால் வாயைத் திறக்காதீர்கள். உங்களுடையது என்றால் தயவுசெய்து கூவுங்கள். தடையில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், 5.02க்கு.