பதினான்காம் எண் ரத்தம்

எங்கள் ஆய்வகத்துக் காப்பி அறையில் இருக்கும் ஃபிரிட்ஜின் கதவில் மாதம் ஒருமுறை ஒரு தாள் ஒட்டுவார்கள். 'நலமாக இருப்பவர்கள் பெயர் எழுதவும்' என்று மேலே ஒரு வரி. அவ்வளவுதான். ஸ்வீடன்காரர்கள் பன்னைத் தின்றுகொண்டே பெயரை எழுதிவிட்டு, கீழ்த்தளத்து நர்ஸிடம் போய்க் கையை நீட்டி, மூன்று குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்தில் காப்பியைத் தொடர்வார்கள். வந்த புதிதில் இதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த திண்டுக்கல் லேபில் சிரிஞ்சை உறையிலிருந்து எடுப்பதற்குள் பெஞ்சில் ஒரு வழக்கே நடந்து முடியும். "இம்புட்டையும் உறிஞ்சிட்டா நான் எப்படிப்பா பஸ் ஏறுறது?" என்பார் வத்தலக்குண்டுக்காரர் ஒருவர். கொடுத்த இரண்டு மில்லிக்கு ஒரு கோலி சோடாவும் அரை மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் ஓய்வும் வேண்டும். இங்கே ரத்தம் கொடுப்பது கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது மாதிரிதான்.

நானும் பெயர் எழுதினேன். எழுதாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். சவரிமுத்து என்பது இவர்கள் வாயில் நுழையாததால் 'சவரி' என்று மட்டும். நர்ஸ் குழாயில் பெயர் எழுத மாட்டார். எண் ஒட்டுவார். எந்த எண் யாருடையது என்பது நர்ஸின் நோட்டில் மட்டும் இருக்கும், மற்றவர் யாரும் அறியக் கூடாது என்பது விதி. நான் தலையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் குழாயில் ஒட்டியதை இரண்டு முறை படித்துச் சரிபார்க்காமல் விட்டதில்லை, ஏழு வருடப் பழக்கம். பதினான்கு என்று படித்துவிட்டேன்.

அந்த ஏழு வருடமும் தொண்ணூறுகளில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி லேபில் கழிந்தவை. அங்கே ஒரு ரத்தத்துக்கு ஒரு சோதனை. சர்க்கரை என்றால் சர்க்கரை, ஹீமோகுளோபின் என்றால் ஹீமோகுளோபின். இங்கே நான் செய்யும் வேலை வேறு மாதிரி. ரத்த அணுக்களின் மேல் ஏற்பிகள் என்று சில இருக்கின்றன, அணுவின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு எதையாவது எதிர்த்து மல்லுக்கட்டும்போது அந்தக் காதுகள் கழன்று சீரத்தில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் தெளிவில், மிதக்கும். எத்தனை மிதக்கின்றன என்று அளந்தால் உள்ளே எவ்வளவு சண்டை நடக்கிறது என்று ஊகிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மணிகள், ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறமும் ஒரு ஏற்பியைப் பிடிக்கும். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டில் ஒரு சொட்டுச் சீரம் விட்டால் பத்து ஏற்பிகளை ஒரே மூச்சில் இயந்திரம் எண்ணிச் சொல்லிவிடும். இடத்தை விட்டுக் கழன்று மிதப்பதை வைத்துப் புலம்பெயர்ந்தவனுக்கு உவமை சொல்ல நண்பர் ஒருவர் கிளம்பினார். நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். ஏற்பிக்கு விசா வேண்டாம்.

நோயாளிகளின் அளவை எதோடு ஒப்பிடுவது? நலமானவர்களின் அளவோடு. அதற்குத்தான் ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் குழுவின் தலைவி அன்னிகா வரைபடத்தைச் சுவரில் போட்டார். கீழே நலமானவர்களின் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஒன்று மட்டும் எல்லாரையும் விட்டு மேலே, நோயாளிகளுக்கும் மேலே நின்றது. பக்கத்தில் பதினான்கு என்று எழுதியிருந்தது.

"யாரோ காய்ச்சலோடு வந்து பெயர் எழுதியிருக்கிறார்" என்று அன்னிகா சிரித்தார். "அல்லது குழாய் மாறியிருக்கும். நீக்கிவிடலாம், சவரி."

கணினிக்கு அருகில் உட்கார்ந்திருந்தது நான்தான். பொத்தானை அழுத்தினேன். என் புள்ளி மறைந்தது. எல்லாரும் அடுத்த படத்துக்குப் போனார்கள்.

திண்டுக்கல்லில் ஏழு வருடமும் காசநோய்க்கான சளிச் சோதனையும் செய்தவன் நான். முகத்துக்குத் துணி கட்டினால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று சிலைடுகளைத் தீயில் காட்டுவேன். அந்தக் கிருமி பல வருடம் உள்ளே தூங்கிவிட்டு எழுந்திருக்கும் என்பதும், எழுந்தால் இந்த ஏற்பிகளில் எவை ஏறும் என்பதும் எனக்கு மனப்பாடம். அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் பார்க்க ஆரம்பித்தேன். இடுப்பு வாரை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. சமைக்கச் சோம்பல்பட்டு ரொட்டியைத் தின்று காலம் தள்ளுபவனுக்கு வேறெப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

யாரிடம் சொல்வது? என் எண்ணை நான் தெரிந்துகொண்டதே விதிமீறல். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, புதுப்பிக்கும் தாள் அன்னிகாவின் மேசையில் இருக்கிறது. வேலை இருந்தால்தான் வசிக்கும் அனுமதி. என் மனைவி ஜெசிந்தாவுக்கும் நான்கு வயது மகளுக்கும் அப்போதுதான் அனுமதி வந்திருந்தது. காசநோய்க்காரன் என்று தெரிந்தால் என்னை அனுப்பிவிட்டு அவர்களையும் நிறுத்திவிடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டுப் பார்க்கவும் பயம். என் அறையில் ஜன்னலைப் பனிக்காலத்துக்கு ஒட்டி மூடியிருந்தார்கள், அந்த மூடிய ஜன்னலுக்கு உள்ளேயே நானும் என் தெர்மாமீட்டரும் இருந்தோம்.

ஞாயிறு மதியம் தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஜெசிந்தாவை அழைத்தேன்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

"இருமுறீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல ஜெசி."

"ஸ்கூல்ல எழுதிக் குடுத்துட்டேன், இந்த மாசத்தோட சரி. சிஸ்டர் அழுதுட்டாங்க. பாப்பாவுக்கு ஸ்வெட்டர்தான் கிடைக்கல. நம்மூர் வெயில்ல எவன் ஸ்வெட்டர் விப்பான்? வத்தலக்குண்டுல கிடைக்குமாம், கொடைக்கானல் போறவுக வாங்குவாங்கள்ல. அண்ணனோட போயிட்டு வாரேன்."

பதினோரு வருடம் ஆசிரியையாக இருந்த வேலையை என் ஒரு பேச்சை நம்பி விட்டிருந்தாள். நான் 'ம்' கொட்டினேன். பேசி முடித்துவிட்டு அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று அப்போது என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தது நிலக்கோட்டைப் பூக்காரம்மா ஒருவர். சந்தையில் மல்லிகை விற்பவர். இருமலோடு நான்கு முறை எங்கள் மாடிப்படி ஏறினார். சிலைடில் சிவப்புக் குச்சிகளாகக் கிடந்த காசநோய்க் கிருமிகளை நான்தான் பார்த்தேன். எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. முடிவை டெக்னீஷியன் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ரிப்போர்ட்டை நான்காக மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டிக் கொடுத்து, 'டாக்டர்ட்ட காட்டுங்க' என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த அம்மா உறையை வாங்கவில்லை.

"நீ பாத்துட்டுத்தானப்பா ஒட்டுற? நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"டாக்டர் சொல்லுவாரும்மா."

செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரி, தெரிஞ்சு போச்சு" என்று உறையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். மாத்திரை தின்று தேறிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சந்தைப் பக்கம் பார்த்தபோது அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அதில் எனக்குக் கோபம்கூட வந்தது. ஒட்டிய உறை கையில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் புரிந்தது.

மிச்சமிருந்த என் சீரத்தை இன்னொரு தட்டில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் உச்சத்தில். பத்து ஏற்பிகளும் சேர்ந்து உச்சத்தில். அந்தப் பத்து என்பதில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். எந்த நோயும் பத்துக் காதுகளையும் ஒரே கணக்காக அறுத்துப் போடாது. ஆனால் திண்டுக்கல் மாடிக்கு நலமானவர் ஒருவரும் வந்ததில்லை. நோய் முற்றிய பிறகுதான் வருவார்கள். அங்கே எண் ஏறியிருந்தால் நோய், வேறு பேச்சே இல்லை. நலமான ஒருவனின் ரத்தத்தில் எண் பொய் சொல்லும் என்பதைப் பார்க்க எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் அன்னிகாவின் அறைக் கதவைத் தட்டினேன். "பதினான்கு நான்தான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "குழாயை மாற்றிவிட்டாயா? பரவாயில்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி."

"குழாய் மாறவில்லை. அது என் ரத்தம். நீங்கள் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்."

"என்ன சொல்ல வேண்டும்?"

"நல்லதா கெட்டதா என்று." நாற்பதை நெருங்கும் ஆண், அந்நியப் பெண்ணின் முன் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் இரண்டாவது தட்டின் எண்களை வாங்கிப் பார்த்தார். புருவம் ஏறியது. "சவரி, நீ மிருகங்களோடு வளர்ந்தவனா?"

"மனிதர்களோடுதான் வளர்ந்தேன்" என்றேன் வெடுக்கென்று.

அன்னிகாவின் முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. ஒரு காகிதத்தை இழுத்துப் படம் வரைந்து விளக்கினார். எங்கள் மணிகளின் மேல் பூசியிருப்பது எலியிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் எடுத்த எதிர்ப்பொருள்கள், ஏற்பியைக் கவ்விப் பிடிப்பவை அவைதான். சிலரின் ரத்தத்தில் அவற்றையே பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருக்கும். அது இருந்தால் ஏற்பி இல்லாத இடத்திலும் இயந்திரம் இருப்பதாக எண்ணிவிடும், எல்லா நிறத்திலும். ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கால்நடைகளோடு புழங்கியவர்களிடம் பார்ப்பதுண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிலக்கோட்டைக்கு மேற்கே எங்களுடையது பூத்தோட்டம். இரண்டு மாடும் பதினைந்து ஆடும் உண்டு. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் கொட்டில் கூட்டுவது என் வேலை. கையைச் சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்துவான். அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் வெள்ளைக் கோட்டுப் போடும் படிப்பாகத் தேடிப் பிடித்தேன். கண்டம் தாண்டி, பனிக்குள் வந்து ஒளிந்தும், இயந்திரம் முகர்ந்து கண்டுபிடித்துவிட்டது.

என் எதிர்ப்பொருள் அதிலேயே சிக்கித் தீரட்டும் என்று எலியின் சீரத்தையும் ஆட்டின் சீரத்தையும் முதலில் கலந்து, அரை மணி நேரம் வைத்து, பிறகு மணிகளை விட்டோம். பதினான்காம் எண் இறங்கி மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. என் காசநோய்ப் பயத்தைக் கேட்டதும் அன்னிகா நெஞ்சுப் படமும் எடுக்க அனுப்பினார். அதுவும் சுத்தம்.

"உனக்கு ஒன்றும் இல்லை" என்றார். "ஆனால் உன் ரத்தம் இனி எங்களுக்கு ஆகாது." ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் என் பெயரின் மேல் அளவுகோல் வைத்தது போல நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒப்பந்தத் தாளை நீட்டினார். மூன்று வருடம். "வாழ்த்துகள், சவரி!"

நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடும்போதுதான் பெட்டியை ஏன் துடைத்தேன் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் பயந்துகொண்டே, ஒரு மூலையில் ஆசைப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன். நோய் என்று வந்துவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஜெசிந்தாகூட. நான் தோற்றுத் திரும்பியதாக ஆகாது. இப்போது அந்தக் கதவும் சாத்தியாயிற்று. நலமாக இருப்பதற்காக ஒருவன் வருத்தப்படலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வருத்தம் போகவில்லை.

மிச்சச் சீரத்தை மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் வைக்கப் போனேன். ஒரு தட்டில் நோயாளிகள், ஒரு தட்டில் நலமானவர்கள். என்னுடையதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசித் தட்டில் காலியான ஒரு டப்பாவில் தனியாக வைத்தேன். இதை எழுதும் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஜெசிந்தாவும் பாப்பாவும் அடுத்த மாதம் வந்து சேர்ந்தார்கள். பாப்பா வத்தலக்குண்டு ஸ்வெட்டரில் இருந்தாள். அது இந்த ஊர்க் குளிருக்குக் கைக்குட்டைக்குச் சமம். விமான நிலையத்துக்கு வெளியே பேருந்துக்கு நின்றபோது, என் இடுப்பு வாரைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்.

"உங்களுக்கு இங்க புடிச்சிருக்குல்ல?"

பதில் என்னிடம் இருந்தது. நான்காக மடித்து, பசை தடவி ஒட்டி வைத்திருந்தேன்.

"புடிச்சிருக்கே" என்றேன்.

அவள் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, பாப்பாவின் ஸ்வெட்டர் பித்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டாள்.